அழுகைக்கும் சரணாகதியில் இடம் உண்டு

(ஹைதராபாத்தில் நடந்த சங்கத்தின் மாதாந்திர சத்சங்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"கஷ்ட காலத்தில் பகவான்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நம் கிளைச் செயலாளர் போனில் சொன்னபோதே ஒரு வேண்டுகோளும் வைத்தார். "மாமா, எல்லாரும் பிராரப்தம், பூர்வ ஜன்ம வினை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். கேட்பவர்களில் நிறைய பேர் அடிபட்டவர்கள். கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள்" என்றார். அவர் சொன்னது ரொம்ப வாஸ்தவம். இந்த ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களில் சில வருஷங்களுக்குள் கணவரையோ, மனைவியையோ, பெற்ற பிள்ளையையோ பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆகவே நான் தத்துவம் எதுவும் விளக்கப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கஷ்டம் வந்தபோது சுவாமியிடம் அழலாமா? கோபித்துக்கொள்ளலாமா? அப்படிச் செய்தால் பக்தி குறைந்துவிட்டது என்று அர்த்தமா?

நம் அகங்களில் பொதுவாக என்ன சொல்லி வளர்த்திருக்கிறார்கள்? "சுவாமியைத் திட்டாதே, பாவம்." "விளக்கு வைக்கிற நேரத்தில் அழாதே." "எல்லாம் அவன் செயல், வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொள்." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் நம் சாஸ்திரங்களையும் புராணங்களையும் பிரித்துப் பார்த்தால், அங்கே பக்தர்கள் இப்படி வாயை மூடிக்கொண்டு இருந்ததாகத் தெரியவில்லை.

முதலில் பகவத் கீதையையே எடுத்துக்கொள்வோம். பதினெட்டு அத்தியாயங்களில் முதல் அத்தியாயத்துக்கு என்ன பெயர்? அர்ஜுன விஷாத யோகம். விஷாதம் என்றால் துக்கம், மனம் உடைந்து போவது. கை நடுங்கி, வில் நழுவி, தேர்த்தட்டில் ஒருவன் அழுதுகொண்டு உட்கார்ந்ததற்கு "யோகம்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கர்ம யோகம், பக்தி யோகம் என்ற வரிசையில் விஷாதத்துக்கும் ஒரு இடம் கிடைத்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 47 சுலோகங்களில் பகவான் பேசுவது ஒரே ஒரு வாக்கியம். "கூடியிருக்கிற இந்தக் கௌரவர்களைப் பார்" என்பதோடு சரி. மற்றபடி அர்ஜுனன் புலம்பி முடிக்கிற வரையில் அவர் வாயைத் திறக்கவில்லை. இரண்டாவது அத்தியாயத் தொடக்கத்தில் இரண்டு சுலோகங்களில் கொஞ்சம் கடிந்துகொள்கிறார். அதற்கும் அர்ஜுனன் அடங்கவில்லை, பதில் பேசுகிறான். கடைசியில் "நான் உன் சிஷ்யன், எனக்கு வழி சொல்" என்று அவனே கேட்ட பிறகுதான், பதினோராவது சுலோகத்தில் உபதேசம் ஆரம்பிக்கிறது. ஆத்மா அழியாதது, வருத்தப்படாதே என்றெல்லாம் பகவான் சொல்வது அதற்கு அப்புறம்தான். முழுவதையும் கேட்டுக்கொண்ட பிறகு, கேட்டவனுக்கு, கேட்டபோது சொன்னார். நாமோ துக்கம் நடந்த அகத்துக்குள் செருப்பைக் கழற்றும்போதே இரண்டாவது அத்தியாயத்தை ஆரம்பித்துவிடுகிறோம்!

ஏழாவது அத்தியாயத்தில், தன்னை வழிபடுகிறவர்கள் நான்கு வகை என்கிறார் பகவான். ஆர்த்தன், ஜிஜ்ஞாஸு, அர்த்தார்த்தி, ஞானி. ஆர்த்தன் என்றால் துன்பப்பட்டுக் கதறுகிறவன். அவன் பெயர்தான் முதலில் வருகிறது. ஞானி தனக்கு மிகவும் பிரியமானவன், தன் ஆத்மாவே என்று சொன்னாலும், நால்வருமே புண்ணியம் செய்தவர்கள், நால்வருமே உயர்ந்தவர்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார். அழுகிறவனை வாசலிலே நிறுத்திவிட்டு ஞானியை மட்டும் உள்ளே கூப்பிடவில்லை.

அடுத்து திரௌபதி. சபையில் அவள் கோவிந்தனைக் கூப்பிட்ட கதை எல்லாருக்கும் தெரியும். வன பர்வத்தில் அவள் பேசியதை அவ்வளவாக யாரும் உபன்யாசத்தில் எடுப்பதில்லை. ராஜ்யத்தை இழந்து துவைத வனத்தில் இருக்கிற காலம். பட்டுமெத்தையில் படுத்தவர் தர்ப்பையில் படுத்திருப்பதைப் பார்த்து அவளுக்கு வயிறு எரிகிறது. யுதிஷ்டிரரிடம் சொல்கிறாள்: "தர்மத்தைக் காப்பாற்றுகிறவனைத் தர்மம் காப்பாற்றும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உங்களை அது காப்பாற்றுவதாகத் தெரியவில்லையே! குழந்தை பொம்மைகளை வைத்துக்கொண்டு விளையாடுகிற மாதிரி ஈசுவரன் நம்மை வைத்து விளையாடுகிறான்" என்கிற கருத்தில் பேசுகிறாள். எவ்வளவு காட்டமான வார்த்தை!

யுதிஷ்டிரர் பதில் சொல்கிறார். "நான் பலனை எதிர்பார்த்துத் தர்மம் செய்யவில்லை. தர்மத்தை வியாபாரம் ஆக்கக் கூடாது. ஈசுவரனை நிந்திக்காதே" என்கிறார். அவர் சொன்னது சரிதான், உத்தமமான பதில். அதற்குத் திரௌபதி என்ன சொன்னாள் தெரியுமா? "நான் தர்மத்தை அவமதிக்கவில்லை, ஈசுவரனையும் நிந்திக்கவில்லை. துன்பம் தாங்காமல் புலம்புகிறேன். அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறாள். பிறகு, இன்னும் புலம்புவேன் என்றும் சொல்லிவிட்டு மேலே பேசுகிறாள்!

வியாசர் இந்தப் பேச்சை எடுத்துவிடவில்லை என்பதைப் பாருங்கள். தர்மபுத்திரரின் பதிலை வைத்தார், அதற்குப் பக்கத்திலேயே திரௌபதியின் புலம்பலையும் வைத்தார். நிந்தனை வேறு, வலியில் வருகிற வார்த்தை வேறு என்கிற பேதத்தை அவள் வாயாலேயே சொல்ல வைத்திருக்கிறார்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். சுந்தரமூர்த்தி நாயனாருக்குத் தம்பிரான் தோழர் என்று பெயர். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் புறப்பட்டார், இரண்டு கண்களிலும் பார்வை போயிற்று. திருவெண்பாக்கத்தில் ஒரு ஊன்றுகோல் கிடைத்தது. காஞ்சியில் ஏகம்பத்தில் இடது கண் கிடைத்தது. வலது கண் வருவதற்குள் திருவாரூர் வந்து சேர்ந்தார். அங்கே அவர் பாடிய பதிகத்தில் கெஞ்சலைவிடக் கோபம்தான் அதிகம். "உனக்கே அடிமை என்று இருக்கிறவர்கள் முகம் வாடி வந்து கஷ்டத்தைச் சொன்னால், நீர் பாட்டுக்குச் சும்மா இருக்கிறீர். நல்லது, நீராவது சுகமாக இரும்" என்று ஏசுகிற தொனி. தப்புத் தன்னுடையது என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் ஏசுகிறார். அந்தப் பதிகம் ஏழாம் திருமுறையில் இருக்கிறது. சுவாமியை ஏசிய பாட்டு என்று யாரும் அதை ஒதுக்கி வைக்கவில்லை. ஓதுவார்கள் இன்றும் சன்னிதியில் நின்று பாடுகிறார்கள். வலது கண்ணும் திருவாரூரிலேயே கிடைத்தது என்பது பெரிய புராணம் சொல்லும் செய்தி.

ஹைதராபாத்தில் இருந்துகொண்டு ராமதாஸரைச் சொல்லாமல் இருக்க முடியாது. இங்கிருந்து கோல்கொண்டா கோட்டை எவ்வளவு தூரம்? வெளியூர் உறவினர்கள் வந்தால் எல்லாரும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறோம். கோட்டைக்குள் ராமதாஸர் சிறை என்று ஒரு இடம் இருக்கிறது. அவரே செதுக்கியவை என்று சொல்லப்படுகிற ராமர், லக்ஷ்மணர், ஆஞ்சநேயர் உருவங்கள் சுவரில் இருக்கின்றன.

கஞ்சர்ல கோபன்னா என்பது அவர் இயற்பெயர். கம்மம் பக்கத்தில் நேலகொண்டபல்லியைச் சேர்ந்தவர். கோல்கொண்டாவின் கடைசி சுல்தான் அபுல் ஹசன் தானா ஷாவிடம் மந்திரிகளாக இருந்த அக்கன்னா, மாதன்னா இருவரும் அவருக்கு மாமன்மார். அந்த சுல்தான் 1672 முதல் 1687 வரை ஆண்டவர். கோபன்னா பால்வஞ்சா பகுதிக்குத் தாசில்தார். வசூலான பணத்தைப் பத்ராசலத்தில் ராமனுக்குக் கோயில் கட்டவும் நகை செய்யவும் செலவழித்துவிட்டார், அதனால் சிறை என்பது வரலாறு. பன்னிரண்டு வருஷம் சிறையில் இருந்தார் என்பது சம்பிரதாயமாகச் சொல்லப்படுவது.

சிறையில் அவர் பாடியவற்றில் ஒன்று நம் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு. அதில் அவர் ராமனிடம் கணக்குப் படிக்கிறார்! பரதனுக்குப் பச்சைக்கல் பதக்கம், அதற்குப் பதினாயிரம் வராகன். லக்ஷ்மணனுக்கு முத்துப் பதக்கம், அதற்கு இத்தனை. சீதம்மாவுக்குப் பதக்கம், அதற்கு இத்தனை. இத்தனையையும் போட்டுக்கொண்டு மினுக்குகிறாயே, உன் அப்பா தசரதர் கொடுத்தாரா, இல்லை உன் மாமனார் ஜனகர் அனுப்பினாரா என்று கேட்கிறார். ஒரு அரசாங்க உத்தியோகஸ்தர் கணக்குப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சுவாமியோடு சண்டை போடுகிற மாதிரி இருக்கும். அதே பாட்டில், முடிக்கிறபோது, "திட்டிவிட்டேனே என்று கோபித்துக்கொள்ளாதே, அடி தாங்க முடியாமல் திட்டினேன்" என்று தழுதழுக்கிறார்.

திரௌபதி சொன்ன அதே வார்த்தைதான். அவள் காட்டிலே சொன்னாள், இவர் சிறையிலே சொல்கிறார். வேறொரு கீர்த்தனையில் சீதம்மாவிடம் போய், "நீயாவது தனிமையில் இருக்கும்போது என்னைக் காப்பாற்றச் சொல்லக் கூடாதா" என்று சிபாரிசுக்கு நிற்கிறார். தாயாரின் புருஷகாரம் என்று ஸ்ரீவைஷ்ணவப் பெரியவர்கள் சொல்வதை ஒரு கைதி தன் அனுபவத்தில் பாடிவிட்டார். திருவையாற்றில் இருந்த தியாகராஜ சுவாமிகள், ராமதாஸரின் தளையை நீ நீக்கியதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், என்னையும் காப்பாற்று என்கிற பாவத்தில் தம் கீர்த்தனை ஒன்றில் அவரை நினைக்கிறார். இன்றைக்கும் மாதுங்காவிலும் டெல்லியிலும் கொல்கத்தாவிலும் நம்மவர்கள் நடத்துகிற சம்பிரதாய பஜனைகளில் ராமதாஸர் கீர்த்தனைகளைத் தாளம் போட்டுப் பாடுகிறோம். பாடுவது என்ன? சிறையில் கிடந்த ஒருவரின் அழுகை.

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வருகிறேன். இவர்கள் யாருக்காவது பக்தி குறைந்ததா? இல்லை. ஏன் இல்லை? இவர்கள் யாரைப் பற்றிக் கோபித்துக்கொண்டார்களோ அவனிடமே போய்ச் சொன்னார்கள். நம் அகத்திலேயே பார்க்கிறோமே. தெருவில் போகிறவனிடம் நாம் கோபித்துக்கொள்வதில்லை. "நீ ஏன் வரவில்லை?" என்று யாரைக் கேட்போம்? வர வேண்டியவன் என்று நினைத்தவனைத்தான் கேட்போம். அந்தக் கேள்விக்குள்ளேயே உரிமை இருக்கிறது, எதிர்பார்ப்பு இருக்கிறது, நம்பிக்கை இருக்கிறது.

சரணாகதிக்கு அங்கங்கள் சொல்லியிருக்கிறார்கள். பகவானுக்கு அனுகூலமாக இருப்பேன் என்ற சங்கல்பம், பிரதிகூலமானதை விடுவது, மஹாவிசுவாசம், கார்ப்பண்யம், காப்பாற்று என்று வரித்துக் கேட்பது. மஹாவிசுவாசம் என்றால் அவன் நிச்சயம் காப்பான் என்ற அசையாத நம்பிக்கை. கார்ப்பண்யம் என்றால் "என்னால் ஒன்றும் முடியவில்லை, எனக்கு வேறு கதி இல்லை" என்று உடைந்து நிற்பது. இந்த இரண்டும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து இருக்கின்றன. விசுவாசம் இருந்தால் கண்ணீர் வரக் கூடாது என்று பெரியவர்கள் நினைத்திருந்தால் கார்ப்பண்யத்தை அங்கமாகவே சேர்த்திருக்க மாட்டார்கள்.

என் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில் என் தம்பி போய்விட்டான். வேறொரு நகரத்தில் இருந்தான். அவன் மனைவிக்கு முகத்தைக்கூடப் பார்க்கக் கொடுக்கவில்லை. காரியங்களை வாத்தியார் வீடியோவில் சொல்லச் சொல்லப் பிள்ளை செய்தான். துக்கம் கேட்க ஒருவரும் வர முடியாத காலம். போனில் பேசினவர்கள் எல்லாம், "விதி, நாம் என்ன செய்ய முடியும், மனசைத் தேற்றிக்கோ, குழந்தைகளுக்காக அழாமல் இரு" என்றார்கள்.

பதின்மூன்று நாள் ஆன பிறகும் அவள் பூஜை அறைப் பக்கமே போகவில்லை. ஒரு மாதம் கழித்து நானும் என் அம்மாவும் அங்கே போனோம். அம்மாவுக்கு அப்போது 84 வயது. ஒரு நாள் சாயங்காலம் அவளே பூஜை அறைக் கதவைத் திறந்தாள். விளக்கு ஏற்றவில்லை. பெருமாள் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு, "இருபத்தாறு வருஷம் உனக்கு விளக்கேத்தினேன். ஒரு ராத்திரி அவருக்கு மூச்சுக் கொடுக்க முடியலையா உன்னால?" என்று வீடே அதிரும்படி கத்தினாள். அவள் பிள்ளை பயந்துபோய் உள்ளே ஓடினான். அம்மா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"திட்டட்டும்டா, விடு. இத்தனை நாளா மூஞ்சியையே திருப்பிண்டிருந்தா. இப்போ பேசறாளோல்லியோ? பேசறதை நிறுத்தினாத்தான் பயப்படணும்" என்றாள்.

சொன்னது யார்? பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள். அவளும் பூஜை அறைக்குள் போய், மருமகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு வார்த்தை சமாதானம் சொல்லவில்லை. அன்றைக்கு இருவரும் விளக்கே இல்லாமல் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். தம்பி மனைவி இப்போது விளக்கு ஏற்றுகிறாள். சில நாள் ஏற்றிவிட்டு அழுகிறாள். சில நாள் சண்டை போடுகிறாள். "சுவாமி மேல் எனக்கு இன்னும் வருத்தம் இருக்கு. ஆனா வேற யார் கிட்டப் போய்க் கேக்கறது?" என்று போன வருஷம் என்னிடம் சொன்னாள். விசுவாசம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

"ராமதாஸருக்கு விடுதலை கிடைத்தது, சுந்தரருக்குக் கண் கிடைத்தது. எங்களுக்கு என்ன கிடைத்தது?" என்று உங்களில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. ராமலக்ஷ்மணர்கள் இரண்டு வாலிபர்களாக வந்து ஆறு லட்சம் வராகனை எண்ணி வைத்தார்கள் என்று கதை சொல்கிறோம். எல்லார் அகத்துக் கடனையும் அவர்கள் அப்படி வந்து தீர்ப்பதில்லை. திரௌபதியையே பாருங்கள். யுத்தம் ஜயித்தாயிற்று, அவள் சபதமும் நிறைவேறிற்று. அன்றைக்கு ராத்திரியே ஐந்து பிள்ளைகளையும் அசுவத்தாமா கொன்றுவிட்டான். கிருஷ்ணனுக்குச் சகோதரி மாதிரி இருந்தவளுக்கே அந்தக் கதி. இதற்கு ஏன் என்று என்னால் பதில் சொல்ல முடியாது. மகாபாரதமும் அந்தத் துக்கத்தைச் சின்னதாக்கிக் காட்டவில்லை.

நாராயணீயம் பாடிய மேல்பத்தூர் நாராயண பட்டத்ரி வாத நோயோடு குருவாயூரில் போய் விழுந்தவர். நூறு தசகங்கள். அநேகமாக ஒவ்வொன்றின் முடிவிலும் "என் நோயைத் தீர்க்க மாட்டாயா" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். நேற்றுக் கேட்டோமே, பதில் வரவில்லையே என்று அவர் விட்டுவிடவில்லை. இன்றைக்கும் கேட்டார். நாளைக்கும் கேட்டார். பதில் வராத நாட்களிலும் பேச்சை நிறுத்தாமல் இருந்ததுதான் அவருடைய பக்தி.

குந்தியின் பிரார்த்தனையையும் சொல்லிவிட வேண்டும். பாகவதத்தில் முதல் ஸ்கந்தம், எட்டாவது அத்தியாயம். கிருஷ்ணன் துவாரகைக்குப் புறப்படும்போது, "எங்களுக்கு ஆபத்துகள் வந்துகொண்டே இருக்கட்டும், அப்போதுதானே உன் தரிசனம் கிடைக்கிறது" என்று குந்தி கேட்கிறாள். அற்புதமான பிரார்த்தனை. ஆனால் அது குந்தி தனக்காகக் கேட்டது. அரக்கு மாளிகையும் வனவாசமும் பார்த்தவளுக்கு அப்படிக் கேட்க அதிகாரம் உண்டு. நாம் அதை எடுத்துக்கொண்டு போய், பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியிடம், "கஷ்டம் வந்தால் நல்லது, குந்தி கேட்டாளே" என்று சொல்லக் கூடாது. கர்மா என்ற வார்த்தையும் அப்படித்தான். என் கஷ்டத்துக்கு என் கர்மா என்று நான் சொல்லிக்கொண்டால் அது வைராக்கியம். அடுத்தவர் கஷ்டத்துக்கு அவர் கர்மா என்று நான் சொன்னால் அது தீர்ப்பு. தீர்ப்புச் சொல்ல என்னை யாரும் நியமிக்கவில்லை.

சங்க அங்கத்தினர்களுக்கு மூன்று விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, துக்கம் நடந்த அகத்துக்குப் போனால் பேச வேண்டும் என்ற அவசியம் இல்லை. நம் வழக்கத்தில் அங்கே "போயிட்டு வரேன்" என்றுகூடச் சொல்லிக்கொள்ளாமல்தான் எழுந்து வருகிறோம். உட்கார்ந்தாலே போதும். அவர்கள் சுவாமியைத் திட்டினால் திட்டட்டும், திருத்தாதீர்கள். அவன் கேட்டுக்கொள்வான். அவன் சார்பில் வாதாட வக்கீல் வேண்டாம்.

இரண்டு, பதின்மூன்றாம் நாளோடு நம் வருகை நின்றுவிடக் கூடாது. அன்றைக்கு அகம் நிறைய ஜனம் இருக்கும். மூன்றாவது மாதம் போய்ப் பாருங்கள், ஒருவரும் இருக்க மாட்டார்கள். பிள்ளைகள் அமெரிக்காவுக்கோ பெங்களூருக்கோ திரும்பியிருப்பார்கள். பாங்குக் கணக்கு மாற்றுவது, பென்ஷன் பேப்பர், காஸ் கனெக்‌ஷன் என்று எத்தனையோ வேலை தெரியாமல் ஒரு மாமி தனியாக உட்கார்ந்திருப்பார். நம் கிளைகள் எத்தனையோ நகரங்களில் இருக்கின்றன. ஒவ்வொரு கிளையிலும் இரண்டு பேர் இந்த ஒரு கைங்கரியத்தை எடுத்துக்கொண்டால் போதும்.

மூன்று, இங்கே துக்கத்தோடு உட்கார்ந்திருப்பவர்களுக்கு. அழ வேண்டும்போல் இருந்தால் அழுங்கள். கோபம் வந்தால் அவனிடமே காட்டுங்கள். சுலோகம் சொல்ல வரவில்லையா, வந்த பாஷையில் பேசுங்கள். ஸமஸ்கிருதமும் தெலுங்கும் தமிழும் கேட்ட காது, நம் அகத்துப் பேச்சையும் கேட்கும். பேச்சை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

பத்ராசலத்து ராமனும் சீதம்மாவும் நம் எல்லாருக்கும் தாங்குகிற சக்தியைக் கொடுக்கட்டும். அழுகிறவர்கள் பக்கத்தில் உட்காருகிற மனதையும் கொடுக்கட்டும் என்று பிரார்த்திக்கிறேன்.

லோகா: ஸமஸ்தா: ஸுகினோ பவந்து.